சாப்பிடாமல் வேட்டைக்குப் போகும் நூற்புழு

கிள்ளான் பக்கத்துச் செம்பனைத் தோட்டக்காரர்களுக்குக் காண்டாமிருக வண்டு பழைய பகை. அதன் புழுக்கள் மட்கிய மரத்தண்டுக்குள்ளும் எருக்குவியலிலும் வளர்வதால் மருந்து எளிதில் எட்டாது. மண்ணில் ஒளியும் இத்தகைய புழுக்களைத் தேடிப் போய்க் கொல்லும் உயிர் ஒன்று உண்டு: அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள நூற்புழு.

அவற்றில் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்ற இனம் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டு 1992இல் பெயரிடப்பட்டது. மலேசிய மண்ணிலும் அது உண்டு. பூச்சியின் உடலுக்குள் நுழைந்ததும் தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை அவிழ்த்துவிடும். இரண்டு நாளில் பூச்சி சாகும். செத்த பூச்சியைப் பார்த்தால் அழுகி நாறாது, செங்கல் நிறத்தில் இருக்கும். கும்மிருட்டில் கண் பழகியபின் மங்கலாக ஒளிர்வதும் தெரியும். எல்லாம் அந்தப் பாக்டீரியாவின் வேலை. ஒன்றிரண்டு வாரத்தில் அந்த உடலிலிருந்து புதுத் தலைமுறை ஆயிரக்கணக்கில் வெளியேறும்.

வெளியே வருபவற்றுக்கு வாய் மூடியிருக்கும். அடுத்த இரைக்குள் நுழையும்வரை சாப்பாடே கிடையாது. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை எரித்தே காலம் தள்ள வேண்டும். அதனால் இவற்றின் முதுமையை நாள்கணக்கைவிட மிச்சமிருக்கும் கொழுப்பே சொல்லும். கொழுப்பு குறையக் குறைய நடமாட்டம் தளரும். இரை மூச்சுவிடும் கரியமில வாயுவையும் அதன் வாடையையும் நோக்கிப் போகும் வேகம் மங்கும். கடைசியில் இரை பக்கத்திலேயே இருந்தாலும் துளைத்து நுழையத் தெம்பிருக்காது.

எல்லா இனமும் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. மண்ணுக்குள் அலைந்து தேடுபவை சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஸ்டெய்னர்நீமா கார்போகாப்சே என்ற இனமோ வாலை ஊன்றி நிமிர்ந்து நின்று காத்திருக்கும்; வழியில் பூச்சி வந்தால் தன் நீளத்தைப்போல் பல மடங்கு தூரம் தாவும். அதன் கையிருப்பு மெதுவாகத்தான் கரையும். வெப்பம் கூடினால் எந்த இனத்துக்கும் செலவு அதிகம். 33 டிகிரி அடிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மதியவெயிலில் கேட்கவே வேண்டாம்.

எனவே தோட்டத்துக்கோ, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கோ இவற்றை வாங்குகிறவர்கள் தயாரித்த தேதியைக் கட்டாயம் கேளுங்கள். தண்ணீரில் நெளிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். உயிரோடு இருப்பது வேறு, வேட்டைக்கு ஆவது வேறு. வாங்கியதைச் சேமித்து வைக்கும்போது இண்டிகாவுக்குக் கடுங்குளிரும் ஆகாது, 15 டிகிரி அளவே நல்லது. சந்தேகமிருந்தால் பறவைக் கடையில் விற்கும் மீல்வார்ம் நாலைந்தை ஈரமண்ணில் போட்டு, இண்டிகாவைக் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். சில நாளில் அவை செத்துச் சிவந்தால் மீதியை அந்தி சாய்ந்தபின் ஈரமண்ணில் ஊற்றலாம். சிவக்காவிட்டால் அந்தப் பொட்டலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.