காட்சியும் சான்றும்

நூதனசாலை என்றவுடனே, கண்ணாடிப் பேழைகளுள் அடுக்கிவைக்கப்பட்ட பழம்பொருள்களும், அவற்றின் அருகே எழுதப்பட்ட சிறு குறிப்புக்களுமே பலருடைய மனக்கண் முன் தோன்றும். 1877ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை முதலாகப் பழைய நூதனசாலைகள் பலவும் இம்முறையைத் தழுவி எழுந்தவையே. பொருளைக் காட்டுதல் நூதனசாலையின் கடன். அப்பொருளைக் கையாண்டு வாழ்ந்த மக்களை உள்ளத்திலே உருவாக்கிக் கொள்ளுதல் பார்ப்போரின் கடன் என்பதே அக்காலத்தார் கருத்து. கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கருத்து மெல்ல மெல்ல மாறி வந்துள்ளது. கணினியின் துணைகொண்டு ஒளியாலும் ஒலியாலும் பழங்காலத்தைக் கண்முன் நிறுத்தி, பார்ப்போர் தொட்டும் வினவியும் பங்குகொள்ளுமாறு அமைக்கப்படும் எண்ணிம நூதனசாலைகள் இன்று உலகின் பல பாகங்களிலும் தோன்றியுள்ளன. அவற்றால் விளையும் நன்மை யாது, அவற்றின் எல்லை யாது என்பன கற்போரும் கற்பிப்போரும் ஆராயத்தக்க வினாக்களாகும்.

இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக அமைபவை வைக்கிங்கர் வரலாற்றைக் கூறும் நூதனசாலைகள். வைக்கிங்கர் என்போர் நோர்வே, சுவீடன், டென்மார்க்கு ஆகிய வடபுல நாடுகளிலிருந்து கடல் வழியே புறப்பட்டவர். கி.பி. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள லிண்டிஸ்பாண் தீவின் துறவிமடத்தை அவர்கள் கொள்ளையிட்ட நாள்முதல், 1066 வரையுள்ள காலத்தை வைக்கிங்கர் காலம் என்பது வழக்கு. அவர்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுட் பல, அவர்களால் துன்புற்ற மடத்துத் துறவிகள் எழுதியவை. ஆதலின், கொடியவர், கொள்ளையர் என்ற பெயரே நெடுங்காலம் நிலைத்தது. அம்மக்கள் எவ்வாறு உண்டனர், உடுத்தனர், தொழில் செய்தனர் என்பவற்றை அறிதற்கு மண்ணைத் தோண்டவேண்டியதாயிற்று.

இங்கிலாந்திலுள்ள யோர்க்கு நகரத்தை வைக்கிங்கர் 866இல் கைப்பற்றினர். அவர்கள் அதனை யோர்விக்கு என வழங்கினர். அந்நகரத்துக் கொப்பர்கேற்று வீதியில் 1976 முதல் 1981 வரை அகழ்வாராய்ச்சி நடைபெற்றது. அங்குள்ள மண் எப்பொழுதும் நீர் ஊறியது, காற்றுப் புகாதது. காற்றின்றிப் பொருள்களை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக முடியாமையால், மரச்சுவர்களும் தோற் செருப்புக்களும் துணித் துண்டுகளும் ஆயிரம் ஆண்டுகளாக அழியாது கிடந்தன. கொப்பர்கேற்று என்னும் பெயர் வடபுலத்தார் மொழியிலே கிண்ணம் கடைவோர் தெரு எனப் பொருள்படும். அகழ்ந்தபோது, மரக்கிண்ணம் கடைந்து கழித்த துண்டுகள் அவ்விடத்திலேயே கிடைத்தன. வாய்வழியே வந்த ஊர்ப்பெயரும் மண்ணுள்ளே கிடந்த பொருளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்திய அழகு இது.

அகழ்ந்த அவ்விடத்திலேயே 1984இல் யோர்விக்கு வைக்கிங்கர் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே செல்வோர் சிறு ஊர்தி ஒன்றில் அமர்ந்து, பத்தாம் நூற்றாண்டின் தெருவொன்றினூடே மெதுவாகச் செல்வர். இருமருங்கும் தொழிலாளர், வணிகர், சிறுவர் ஆகியோரின் உருவங்கள் இயங்கும். அவை வடபுலத்தாரின் பழைய மொழியிலே பேசும். மரப்புகை, மீன், கழிவு என்பவற்றின் நாற்றமும் உண்டாக்கப்பட்டிருக்கும். ஊர்தியை விட்டு இறங்கிய பின்னர், அத்தெருவை அமைத்தற்கு ஆதாரமாய் நின்ற மெய்ப்பொருள்களை அவர்கள் காண்பர். 2015 டிசெம்பரில் நிகழ்ந்த வெள்ளத்தினால் சேதமுற்ற இந்நிலையம், திருத்தியமைக்கப்பட்டு 2017இல் மீண்டும் திறக்கப்பட்டது.

நோர்வேயின் தலைநகராகிய ஒசுலோவில் இதனினும் ஒருபடி மேற்சென்ற அமைப்பு 2019இல் தோன்றியது. வைக்கிங் கோளம் எனப் பொருள்படும் பெயர்கொண்ட அந்நூதனசாலை, ஒளித்திரை, ஒலி, கணினி என்பவற்றையே அடிப்படையாகக் கொண்டது. அங்கே பார்ப்போர் கண்களை மூடும் கருவியொன்றை அணிந்து, தாமே மரக்கலத்தில் நிற்பதுபோன்ற மெய்நிகர்க் காட்சியுள் நுழைவர். அதே நகரத்திலே, 1880இலும் 1904இலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட உண்மையான மரக்கலங்களைக் கொண்ட பழைய நூதனசாலையும் மக்களைக் கவர்ந்துவந்தது. புதிய கட்டடம் அமைத்தற்பொருட்டு அது 2022இல் மூடப்பட்டது. அம்மரக்கலங்களுள் ஒன்றாகிய ஓசபேர்க்குக் கலத்துடன் புதைக்கப்பட்டோர் பெண்கள் இருவர். மரத்தின் ஆண்டு வளையங்களைக் கணித்து, அப்புதைப்பு 834இல் நிகழ்ந்தது என அறிஞர் துணிந்தனர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. கண்ணைக் கவரும் காட்சி உண்மையைக் கற்பிக்குமா, அன்றிப் பொய்யை நிலைநிறுத்துமா? கொம்பு வைத்த தலைச்சீரா வைக்கிங்கரின் அடையாளமாக இன்றும் சிறுவர் நூல்களிலும் விளம்பரங்களிலும் காணப்படுகின்றது. ஆயின், வைக்கிங்கர் அத்தகைய தலைச்சீரா அணிந்தமைக்குச் சான்று இல்லை. நோர்வேயின் யெர்முண்டுபு என்னுமிடத்தில் 1943இல் கிடைத்த வைக்கிங்கர் தலைச்சீராவில் கொம்பு இல்லை. 1876இல் செருமனியிலே மேடையேறிய வாக்குனரின் இசை நாடகத்துக்கு உடையமைத்த ஓவியரின் கற்பனையே அக்கொம்பினைப் பரப்பியது. ஒரு மேடைக் காட்சியே இத்துணை வலிமை உடையதாயின், பார்ப்போரைச் சூழ்ந்து நிற்கும் எண்ணிமக் காட்சியின் வலிமையைக் கூறவும் வேண்டுமோ?

மண்ணிலிருந்து கிடைத்த சிறு பொருளோ காட்சிகள் உண்டாக்கிய தவறான எண்ணத்தைத் திருத்த வல்லது. சுவீடனுக்குரிய கொத்துலாந்துத் தீவில் 1999இல் ஏறத்தாழ 67 கிலோகிராம் வெள்ளிப் புதையல் கண்டெடுக்கப்பட்டது. அதனுள் 14,000க்கு மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை அரபு எழுத்துப் பொறித்த இசுலாமிய நாணயங்கள். பக்தாது நகரத்திலிருந்து 921இல் தூது சென்ற இபுனு பத்லான், வொல்கா ஆற்றங்கரையிலே தாம் கண்ட வடபுல வணிகரின் உடையையும் ஈமச்சடங்கையும் எழுதி வைத்தார். கொள்ளையர் எனப்பட்டோர் நெடுந்தூர வணிகருமாவர் என்பதை நாணயமும் ஏடும் ஒருங்கே நிறுவின.

அரபு வணிகத்தின் மற்றொரு கிளை தென்கடல்மேற் படர்ந்தது. கொழும்பிலே கிடைத்த, பத்தாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் கூபி எழுத்துக் கல்லறைக் கல்லொன்று அவ்வணிகத் தொடர்பிற்குச் சான்றாகச் சுட்டப்படுவது. வடகடலோரத்து நாணயத்தையும் தென்கடலோரத்துக் கல்லையும் ஒருங்கு வைத்து நோக்கும் மாணவனுக்கு, உலக வரலாறு என்பது தன் ஊருக்குப் புறம்பானதன்று என்பது புலனாகும்.

தமிழகத்திலும் இப்புதுமுறை பரவியுள்ளது. சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2023 மார்ச்சு 5ஆம் நாள் திறக்கப்பட்ட நூதனசாலையிலே, அகழ்ந்தெடுத்த பொருள்களுடன் தொடுதிரைகளும் அசையும் படங்களும் இடம்பெற்றன. கீழடியை அடுத்த கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த மண்டையோடுகள் இரண்டினை ஆதாரமாகக் கொண்டு, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜோன் மூர்சு பல்கலைக்கழக அறிஞர் இரு ஆடவரின் முகங்களை உருவாக்கினர். அவை 2025இல் வெளியிடப்பட்டன. எலும்பின் அளவு சான்று. தோலின் நிறமும் தலைமயிரின் அமைப்பும் ஊகம். இவ்விரண்டின் எல்லையையும் பார்ப்போர்க்கு எடுத்துக் கூறும்வரை அம்முகம் அறிவைத் தரும். எல்லையை மறைத்தவிடத்து அதுவும் கொம்பு வைத்த தலைச்சீராவாகவே முடியும்.

இலங்கையின் கிழக்குக் கரையிலே, மட்டக்களப்பு மாவட்டத்துக் காத்தான்குடியில், முசுலிம் மக்களின் பழைய வாழ்க்கையைக் காட்டும் பூர்வீக நூதனசாலை 2015இல் திறக்கப்பட்டது. கணினியிலும் பார்க்க ஆளுயர உருவங்களே அங்கு முதன்மை பெற்றன. எனினும், வாழ்ந்த மக்களை வாழும் மக்கள்முன் நிறுத்துதல் என்னும் நோக்கத்தால் அது யோர்விக்கின் இனத்தைச் சேர்ந்தது. அதன் தெற்கே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோர ஊர்களுக்கு இம்முறை எவ்வாறு பயன்படும் என்பதே இனிச் சிந்திக்கத்தக்கது.

யோர்க்கின் ஈரமண் செய்த உதவியை இக்கரையின் மணல் செய்யாது. வெப்பமும் மழையும் உப்புக்காற்றும் கறையானும் மரத்தையும் ஓலையையும் துணியையும் சில தலைமுறைக்குள் அழித்துவிடும். இயற்கையின் இந்நாளாந்த அழிவுக்கு மேலாக, 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திலே 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பு இம்மாவட்டத்திலேயே நேர்ந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் அழிந்தன. இறந்தோருடன் அவர்கள் அறிந்த கதைகளும், இடிந்த வீடுகளுடன் பெட்டகங்களில் இருந்த உறுதிகளும் கடிதங்களும் நிழற்படங்களும் மறைந்தன. அவற்றை எந்த அகழ்வாராய்ச்சியும் மீட்டுத்தரப் போவதில்லை. ஆதலின், மண்ணை அகழ்வதினும் முதியோரின் நினைவை அகழ்வதே இக்கரைக்கு உடனடியாக வேண்டப்படும் பணியாகும்.

அவ்வாறு திரட்டத்தக்கவை பல. தாய்வழியே எண்ணப்படும் குடிமுறை இக்கரையின் தமிழர்க்கும் முசுலிம்களுக்கும் பொதுவாக அமைந்தது. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கமும் அவ்வாறே. கரைவலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்கள், முசுலிம் பெண்கள் வாய்மொழியாக வழங்கிய கவிகள், மருதமுனைத் தறிகளில் வழங்கிய தொழிற்சொற்கள், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம் பற்றிய நினைவுகள் என்பனவும் வரலாற்று மூலங்களே. போடியாரும் முல்லைக்காரனும் வட்டவிதானையும் கூடிய வயற்காலத்திலே, சூடடிக்கும் களத்தில் மட்டும் வழங்கிய தனிச்சொற்கள் இருந்தன. வயலில் இயந்திரம் புகுந்த பின்னர் அச்சொற்களை அறிந்தோர் அருகி வருகின்றனர். மன்னர் முடியும் வாளும் இல்லாமையால் ஓர் ஊருக்கு வரலாறு இல்லை என்பது பேதைமை. யோர்விக்கிற்குப் பெருமை தந்தவை கடைந்து கழித்த மரத்துண்டும் தேய்ந்த செருப்புமே அன்றோ?

இப்பணியைத் தொடங்குதற்குப் பெருங்கட்டடமோ பெரும்பொருளோ வேண்டியதில்லை. மாணவரின் கையிலுள்ள தொலைபேசியே ஒலியையும் உருவத்தையும் பதிய வல்லது. ஆனால், முறை தவறலாகாது. கூறியவர் யார், எவ்வூரவர், எந்நாளில் கூறினார் என்பவற்றை உடனுக்குடன் எழுதல் வேண்டும். அவருடைய இசைவைப் பெறுதல் வேண்டும். பேச்சு வழக்கைத் திருத்தி எழுதாது, கூறியவாறே வைத்தல் வேண்டும். ஒரே நிகழ்ச்சியை இருவர் இருவிதமாகக் கூறின், இரண்டினையும் பேணுதல் வேண்டும். தமிழர் ஊரும் முசுலிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையிலே, கசப்பான நிகழ்ச்சிகளைப் பற்றிய நினைவுகள் வேறுபடுதல் இயல்பு. ஒரு பக்கத்தை மட்டும் பேணுவது வரலாறாகாது. பதிந்தவற்றின் படிகளை வெவ்வேறிடங்களில் வைத்தல் வேண்டும் என்பதை 2004ஆம் ஆண்டின் அலை கற்பித்துள்ளது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் திரட்டிக் காத்து வருவது. ஊரார் திரட்டும் செல்வத்தைக் காத்தற்கு அது போன்ற நிறுவனங்களின் அனுபவம் துணையாகும்.

திரட்டிய பின்னரே காட்சி. முதலிலே திரையை வாங்கி, பின்னர் அதில் எதைக் காட்டுவது எனத் தேடுவோர், கற்பனையைக் கொண்டே அதனை நிரப்ப நேரிடும். சான்று நிறைந்தவிடத்து, எண்ணிமக் காட்சி ஆசிரியனுக்கு ஒப்பற்ற துணைவன். கல்முனையிலுள்ள சிறுமியொருத்தி திரையைத் தொட்டதும், தன் மூதாட்டி பிறப்பதற்கு முன்பு தன் தெரு இருந்த நிலையைக் காணலாம். காலஞ்சென்ற தறிகாரர் ஒருவரின் குரலைக் கேட்கலாம். அவ்வேளையில், இது மெய்யாகவே இவ்வாறு இருந்ததா என அவள் வினவுவாள். அவ்வினாவுக்கு, இவர் சொன்னார், இந்நாளிற் சொன்னார், இதோ அவர் குரல் என விடை கூறத்தக்க நூதனசாலையே நூதனசாலை. அவ்விடையைக் கூற வல்ல முதியோர் இன்றும் இக்கரையோர வீடுகளின் திண்ணைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்பதே அந்நூதனசாலைக்கு இடும் முதற்கல்.