மாகிம் பக்கத்துக் கோர்ட்டு

கிழக்கிந்தியக் கம்பெனி 1670-ல் பம்பாய்த் தீவுக்கு இரண்டு நீதிமன்றங்களை ஏற்படுத்தியது. பம்பாய், மசகான், கிர்காவ் மூன்றும் சேர்ந்து ஒரு பகுதி. மாகிம், பரேல், சயான், வொர்லி இன்னொரு பகுதி. முதலாவது ஊர், இரண்டாவது சுத்தமான நாட்டுப்புறம். தென்னந்தோப்பு, வயல், உப்பளம், கோலி மீனவர் குப்பம் என்று கிடந்த அந்த வடபகுதிக்குள்தான் இன்றைய மாட்டுங்காவும் தாராவியும் அடங்கும்.

கவர்னர் ஜெரால்ட் ஆஞ்சியரின் ஏற்பாடு அது. ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நீதிபதிகள். மூன்று பேர் வந்தாலே விசாரணையைத் தொடங்கலாம். தலைமை தாங்கியவர் சட்டம் படித்தவரல்ல, அந்தப் பகுதியின் சுங்க அதிகாரி. மற்றவர்களில் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். சில்லறைத் திருட்டுகளும், 200 ஜெராபின் வரை மதிப்புள்ள சொத்துத் தகராறுகளும் அங்கேயே தீர்ந்தன. ஜெராபின் என்பது போர்த்துகீசியர் விட்டுப்போன நாணயம். தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் துணை கவர்னரிடமும் கவுன்சிலிடமும் போகலாம். சென்னைப்பட்டினத்திலும் கம்பெனியின் தொடக்க நாட்களில் சத்திரத்தில் கூடிய நீதிமன்றத்துக்கு ஊர் அதிகாரிதான் தலைவர். வரி வாங்குகிறவரே வழக்கும் கேட்பது அன்று யாருக்கும் வினோதமாகப் படவில்லை. குறைகள் ஆயிரம் இருக்கட்டும், வடக்கே குடியிருந்தவனுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு கோர்ட்டு இருந்தது.

அது நீடிக்கவில்லை. 1672-ல் போர்த்துகீசியச் சட்டம் போய் ஆங்கிலச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8-ம் தேதி புதிய நீதிமன்றத்தைத் திறக்க ஓர் ஊர்வலமே நடந்தது. பச்சைச் சீருடை அணிந்த பண்டாரிகள் இரண்டிரண்டு பேராக நடந்து போனார்கள். பண்டாரிகள் என்றால் கள்ளிறக்கும் சமூகத்தார். நீதிபதி ஜார்ஜ் வில்காக்ஸ். பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரியும் உண்டு. ஏழைகளின் சின்ன வழக்குகளை வாரம் ஒருமுறை கட்டணமில்லாமல் கேட்க ‘மனச்சாட்சி நீதிமன்றம்’ ஒன்றும் வைத்தார்கள். மாகிமுக்கும் சயானுக்கும் தலா ஒரு ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கிடைத்தார். ஆனால் அவரால் குற்றவாளியைப் பிடித்து விசாரித்து அனுப்பத்தான் முடியும். தீர்ப்பு கோட்டைக்குள்.

1689-ல் ஜஞ்சிராத் தீவை ஆண்ட ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்திகளின் படை சிவ்ரியில் கரையேறி மசகானையும் மாகிமையும் பிடித்தது. அடுத்த ஆண்டு படை போய்விட்டது. நீதிமன்றம் மட்டும் 1718 வரை எழுந்திருக்கவில்லை. பிறகு 1728-ல் மேயர் கோர்ட்டு, 1798-ல் ரெக்கார்டர் கோர்ட்டு, 1824-ல் சுப்ரீம் கோர்ட்டு, 1862 ஆகஸ்ட் 14-ல் ஹைகோர்ட்டு (சென்னைக்கு மறுநாள் கிடைத்தது). பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. ஃபோர்ட்டையும் அதன் சுற்றுவட்டத்தையும் விட்டு எதுவும் நகரவில்லை. கர்னல் ஃபுல்லர் வடிவமைத்து 1878-ல் முடிந்த ஹைகோர்ட்டுக் கட்டடத்தில் ஒரு தூணின் தலைப்பில் நீதிபதிக் குரங்கு ஒன்று இருக்கிறது. ஒரு கண்ணை மட்டும் கட்டிக்கொண்டு, கையில் தராசு பிடித்திருக்கும். நீதி தேவதைக்கு இரண்டு கண்ணையும் கட்டுவதுதான் வழக்கம். செதுக்கியவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம், அல்லது அனுபவம் அதிகம்.

செம்பூர் கதை வேறு. பம்பாய்த் தீவு சயானோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் சால்செட். 1737 வரை போர்த்துகீசியர், பிறகு மராத்தியர், 1774-க்குப் பின் கம்பெனி. ஹைகோர்ட்டின் நேரடி சிவில் அதிகாரம் அன்று தீவுக்குள் மட்டும்தான் சென்றது என்பதால், சயான்காரர் தெற்கே போனார், செம்பூர்க்காரர் வடக்கே தானேக்குப் போனார். செம்பூர் மாநகராட்சி எல்லைக்குள் வந்ததே 1950-ல்தான். இப்போது செம்பூர் போலீஸ் வழக்குகள் குர்லா கோர்ட்டுக்கும், மாட்டுங்கா வழக்குகள் போய்வாடா கோர்ட்டுக்கும் போகின்றன.

மாட்டுங்காவில் வாடகைக்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான கோர்ட்டு வேறொன்று: தோபி தலாவில் உள்ள ஸ்மால் காஸஸ் கோர்ட்டு. 1947-ன் வாடகைச் சட்டம் வீட்டுக்காரர் - குடித்தனக்காரர் சண்டை முழுவதையும் அதன் தலையில் கட்டியது. பகடி (வீட்டுக்காரருக்கு மொத்தமாகக் கொடுக்கும் முன்பணம்) கொடுத்து வீடு பிடித்த தாத்தா தொடங்கிய வழக்கில் பேரன் வாய்தாவுக்குப் போவது மும்பையில் அதிசயமல்ல. கோர்ட்டு இப்படி இழுத்தடித்த இடைவெளியில்தான் மாட்டுங்காவில் வரதராஜன் முதலியாரைப் போன்றவர்கள் எழுந்தார்கள். 1970-களில் சாராயமும் கடத்தலும் அவரது தொழில். ஆனாலும் தகராறு என்று வந்தவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது என்பதைப் பாராட்டாகச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. தோற்றவர்களைக் கேட்டால் வேறு கதை கிடைக்கும்.

ஆனால் வாடகைக்குக்கூட வீடில்லாத மும்பை நடைபாதைவாசிகளைப் பற்றிய மிகப் பெரிய தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலிருந்துதான் வந்தது. மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி, 1961-ல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் கூலி. வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரத்தில் பிளாஸ்டிக்கும் கித்தானும் கட்டிய குடிசைக்குப் பேட்டை தாதாவிடம் 2,500 ரூபாய் அழுதார். 1981 ஜூலை 13-ம் தேதி, நடைபாதைவாசிகளை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்போவதாக முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். பத்தாம் நாள் குடிசை இடிந்தது. மனைவி, மூன்று மகள்களோடு அவரையும் சேலத்துக்கு பஸ் ஏற்றினார்கள். குடும்பம் ஊரில் தங்கியது. அவர் மட்டும் பம்பாய்க்குத் திரும்பி, மறுபடி ஒரு நடைபாதையைப் பிடித்தார்.

இன்னொரு மனுதாரரான பத்திரிகையாளரின் பெயரால் ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிப்பது இதைத்தான். 1985 ஜூலை 10-ல் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தீர்ப்பளித்தார். பிழைப்புக்கான வழியும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது தீர்ப்பு. அதே மூச்சில், நடைபாதையை அடைத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை என்றும் சொன்னது. முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், மழைக்காலம் முடியும் வரை இடிக்கக் கூடாது. அதன் பிறகு இடிக்கலாம். 1976 குடிசைக் கணக்கெடுப்பு அட்டை உள்ளவர்களுக்கு மாற்று இடம்.

அந்த அட்டைதான் குடிசைவாசிகளுக்குப் பெரிய பாடமாயிற்று. வாதத்தைவிடக் காகிதத்துக்குத்தான் மதிப்பு. பின்னால் குடிசை மறுவாழ்வு பெற எந்தத் தேதிக்கு முன்பே குடியிருந்திருக்க வேண்டும் என்ற கெடு 1995 ஜனவரி 1 என்றானது, பிறகு 2000 ஜனவரி 1 என்றானது. தாராவியில் ரேஷன் கார்டு, கரண்ட் பில், வாக்காளர் பட்டியல் நகல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள். இப்போதைய மறுசீரமைப்புத் திட்டத்திலும் அலுவலர்கள் வீட்டு வாசலில் முதலில் கேட்பது அந்த உறையைத்தான்.