கேரளப் போலீஸில் சேர விரும்பும் தமிழருக்கு

மட்டாஞ்சேரியிலும் அதனை அடுத்த கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளை பிளஸ் டூ தேறியதும் எழும் கேள்விகளுள் ஒன்று உண்டு. "நாம் தமிழ்நாட்டார் ஆயிற்றே, இங்கே போலீஸில் நம்மை எடுத்துக்கொள்வார்களா?" என்பதே அது. கேட்பவரே "எடுக்கமாட்டார்கள்" என்று விடையும் கூறிக்கொண்டு பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. நேயர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: எடுத்துக்கொள்வார்கள். பிறந்த ஊரால் வரும் தடை ஏதுமில்லை. தடை வருவதெல்லாம் நாம் கையில் கொண்டுபோகும் காகிதங்களால்தான்.

அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ மட்டும் காரணமாகக் காட்டி எந்தப் பிரஜைக்கும் சர்க்கார் உத்தியோகத்தை மறுக்கலாகாது என்று விதிக்கிறது. வசிப்பிடத்தை ஒரு தகுதியாக விதிக்கும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு மட்டுமே உண்டு; மாநிலச் சட்டசபைக்கு இல்லை. பார்லிமெண்டு 1957இல் இயற்றிய சட்டமோ, மாநிலங்களில் அதுவரை இருந்துவந்த வசிப்பிட விதிகளை நீக்கிவிட்டு, தெலங்கானா, இமாசலம், மணிப்பூர், திரிபுரா ஆகியவற்றுக்கு மாத்திரம் ஓரளவு விலக்கு அளித்தது. அந்த விலக்கில் கேரளம் சேரவில்லை. எனவே தேனியில் பிறந்த இளைஞரும் மட்டாஞ்சேரியில் பிறந்த இளைஞரும் கேரள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் முன் ஒரே வாயில் வழியாகத்தான் நுழைகிறார்கள்.

மட்டாஞ்சேரி பல மொழிகளின் ஊர். கொங்கணியும் குஜராத்தியும் கட்சியும் தமிழும் ஒரே தெருவில் கேட்கும். இவ்வூர் முதியோருக்குப் போலீஸ் என்றவுடன் வேறொரு நினைவும் எழக்கூடும். துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே 'சப்பா' எனப்படும் வில்லைகளை வீசி எறிந்து, அவற்றைப் பாய்ந்து பிடித்தவர்க்கே அன்றைய வேலை என்றிருந்த கொடிய முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் உயிரிழந்தனர். அது திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தின் காலம். கேரளப் போலீஸ் என்ற அமைப்பு மாநிலம் அமைந்த 1956இல் தோன்றியது. இப்போது அமலிலுள்ள 2011ஆம் ஆண்டின் கேரளப் போலீஸ் சட்டம், போலீஸ் நிலையத்தில் பொதுமக்களுக்கு உள்ள உரிமைகளைத் தனியே வகுத்துக் கூறுகிறது. போலீஸ் வேலைக்கு விண்ணப்பிப்பவர் அச்சட்டத்தை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது, தேர்வுக்கும் பயன்படும்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லத் தோன்றுகிறது. மலையாளமும் தமிழும் நெருங்கிய உறவுடையவை. அந்த நெருக்கமே சில வேளை ஏமாற்றும். மலையாளத்தில் 'விஜ்ஞாபனம்' என்றால் சர்க்கார் வெளியிடும் அறிவிப்பு. நம் பழந்தமிழ் வழக்கில் 'விஞ்ஞாபனம்' என்பது குடிகள் சர்க்காருக்குக் கொடுக்கும் மனு. திசையே மாறிவிட்டது. 'அபேக்ஷ' என்பது விண்ணப்பம். தேர்தலில் நின்றவரை நம் பத்திரிகைகள் ஒரு காலத்தில் 'அபேட்சகர்' என்று எழுதியது நினைவிருப்போருக்கு இதில் கஷ்டம் இராது. 'ஒழிவு' என்பது காலி இடம். 'சம்வரணம்' என்பது இடஒதுக்கீடு. 'உத்யோகார்த்தி' என்பவர் நீங்களேதான்.

போலீஸ் வரிசையின் முதற்படியாகிய கான்ஸ்டபிள் பதவி, இப்போது சிவில் போலீஸ் ஆபீசர் என வழங்குகிறது. அதற்கான ஆள்சேர்ப்பு ஆயுதப் போலீஸ் பட்டாலியன்களின் வழியாக நடைபெறுகிறது. எறணாகுளத்தின் பெயரால் அறிவிக்கப்படுவது கே.ஏ.பி. முதல் பட்டாலியன். ஒருவர் ஒரு பட்டாலியனுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம்; 'இரண்டுக்கும் போட்டு வைப்போம்' என்று முயல்வது வினையாக முடியும். பிளஸ் டூ அல்லது அதற்கு ஈடான தேர்ச்சி வேண்டும். பட்டதாரிகளுக்கு சப் இன்ஸ்பெக்டர் பதவிக்கு நேரடித் தேர்வு தனியாக உண்டு.

கமிஷனின் இணையதளத்தில் ஒருமுறை பதிவு செய்துகொண்டால் அப்பதிவே எல்லாப் பதவிகளுக்கும் உதவும். கட்டணம் கிடையாது, கட்டணம் என்று யாரேனும் கேட்டால் அது கமிஷனுக்குப் போவதன்று. புகைப்படத்தின் அடியில் பெயரும் படம் எடுத்த தேதியும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பித்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. தேர்வு எழுதப்போவதாகக் குறித்த நாளுக்குள் அதே பக்கத்தில் உறுதி தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காதவருக்கு நுழைவுச் சீட்டு வராது. உறுதி தெரிவிக்கும் அவ்விடத்தில்தான் தமிழர் கவனிக்கவேண்டிய செய்தி இருக்கிறது. கேள்வித்தாள் மலையாளத்தில் வேண்டுமா, தமிழிலா, கன்னடத்திலா என்று அங்கே கேட்கப்படும். கேரளத்தில் தமிழும் கன்னடமும் மொழிச் சிறுபான்மையினரின் மொழிகளாக அங்கீகரிக்கப்பட்டவை. 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே தமிழர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழில் எழுத இடமளிக்கிறது. தமிழில் படித்த பிள்ளைகள் இச்சலுகையை விட்டுவிடலாகாது. ஒவ்வொரு தவறான விடைக்கும் மூன்றில் ஒரு மதிப்பெண் கழிக்கப்படும் என்பதையும் மறவாதிருக்க.

எழுத்துத் தேர்வில் தேறியோருக்கு உடல் அளவும் திறனும் சோதிக்கப்படும். ஆண்களுக்கு உயரம் 168 சென்டிமீட்டர். மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரியவேண்டும். அட்டவணை வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் உயரம் 160, மார்பு 76. கண்ணாடி இன்றி இரு கண்களிலும் முழுப் பார்வை வேண்டும். நிறக்குருடு, மாறுகண், தட்டைப்பாதம், கால் நரம்புச் சுருட்டு இவை இருந்தால் தேறமுடியாது. திறன் சோதனையில் எட்டு இனங்களுள் ஐந்தில் தேறினால் போதும். 100 மீட்டரை 14 விநாடியில் ஓடுவது, 1500 மீட்டரை 5 நிமிடம் 44 விநாடியில் ஓடுவது, 132.20 சென்டிமீட்டர் உயரம் தாண்டுவது, 457.20 சென்டிமீட்டர் நீளம் தாண்டுவது, இரும்புக்குண்டு எறிவது, கிரிக்கெட் பந்து வீசுவது, கைகளால் மட்டும் கயிறு ஏறுவது, கம்பியில் எட்டு முறை உடலை உயர்த்துவது ஆகியவை அந்த எட்டு. கொச்சிக் கோட்டையின் பரேடு மைதானமும் வெளி மைதானமும் அருகிருக்க, பயிற்சிக்கு இடமில்லை என்று மட்டாஞ்சேரிப் பிள்ளைகள் கூறமுடியாது. ஆயினும் ஐந்தை மட்டும் பழகிச் செல்வது அறிவுடைமை அன்று. ஒன்று தவறினால் ஈடுகட்ட ஆறாவதும் ஏழாவதும் கையிருப்பில் வேண்டும்.

பெண்களுக்கு அறிவிப்புத் தனி; உயரம் 157 சென்டிமீட்டர், 100 மீட்டர் ஓட்டம் 17 விநாடி. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1933இலேயே பெண்களைப் போலீஸில் சேர்த்தது. நாட்டின் முதல் மகளிர் போலீஸ் நிலையமும் 1973இல் கோழிக்கோட்டில்தான் திறக்கப்பட்டது.

இத்தனையும் தாண்டியவர் இடறி விழும் இடம் சாதிச் சான்று. இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். அட்டவணை வகுப்புப் பட்டியல் நாடு முழுமைக்கும் ஒன்றன்று, மாநிலந்தோறும் வேறு. தமிழ்நாட்டுப் பட்டியலிலேயே வண்ணார் குலம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் மட்டும் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டும் 1956 வரை மலையாள ராஜ்யத்தில் இருந்த பகுதிகள். ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ளவர் பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்றால் அங்கே ஒதுக்கீடு கோரமுடியாது என்று உச்சநீதிமன்றம் 1990இல் கூறியது. உத்தியோகங்களைப் பொறுத்து 2018இல் மீண்டும் அதனையே உறுதி செய்தது. ஆகவே தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சான்று இங்கே உதவாது. அச்சான்றை நம்பி வந்த அட்டவணை வகுப்பு இளைஞர் ஒருவருக்கு வயது 27, உயரம் 163 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒதுக்கீடு உண்டானால் வயது வரம்பு 31, உயரம் 160, அவர் தேறுவார். ஒதுக்கீடு இல்லையானால் வரம்பு 26, உயரம் 168. அவர் மைதானத்துக்குள்ளேயே வரமுடியாது. ஒரே இளைஞர், ஒரே உடல். மாறுவது காகிதம் ஒன்றே. இந்த நியதி கடுமையானது என்பதே நம் எண்ணம். தாம் பிறக்குமுன் பாட்டனார் எந்தக் கரையில் இறங்கினார் என்பதற்குப் பேரன் விலை கொடுக்கிறான்.

அட்டவணை வகுப்பு ஆணை வெளியானது 1950 ஆகஸ்டு 10. அந்நாளில் குடும்பம் இங்கே நிலையாக வசித்ததற்கு ஆதாரம் இருப்பின், கேரளத் தாசில்தாரிடமே சான்று கோரலாம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, நகராட்சியின் பிறப்புப் பதிவு, வரி ரசீது, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றை இப்போதே தேடத் தொடங்கவேண்டும். இங்கே கொச்சிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. பக்கத்துக் கோட்டைப் பகுதியோ பிரிட்டிஷ் கொச்சி என்ற பெயரில் மலபார் ஜில்லாவோடு சேர்ந்து 1956 வரை சென்னையின் ஆட்சியில் இருந்தது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் துணி வெளுக்க வருவிக்கப்பட்டதாகக் கூறும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்வது அப்பகுதியில்தான். எனவே பாட்டனாரின் பழைய காகிதத்தில் 'மதராஸ் மாகாணம், மலபார் ஜில்லா' என்று கண்டால், தமிழ்நாட்டுக் காகிதம் என்று எறிந்துவிடவேண்டாம். அது உங்கள் தெருவையே குறிப்பதாக இருக்கலாம்.

இது வெறும் அலுவலகச் சச்சரவு அன்று. தேவிகுளம் சட்டசபைத் தொகுதியின் தேர்தல் வழக்கில், 1950க்கு முன் குடும்பம் எங்கே இருந்தது என்பதும் விசாரிக்கப்பட்டது; 2023இல் கேரள உயர்நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது, 2025இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பிற்படுத்தப்பட்டோருக்கும் கேரளத்தின் பட்டியலே அளவுகோல். அவர்களுக்கு வருமான வரம்புச் சான்றும் கூடவே வேண்டும்.

அடுத்தது பெயர். தமிழர் தந்தையின் எழுத்தைப் பெயருக்கு முன் வைப்போம். கேரளத்தில் பெரும்பாலும் பின்னால் வைப்பர், வீட்டுப்பெயரும் சேரும். பள்ளிச் சான்றில் ஒருவிதமும் ஆதாரில் வேறுவிதமும் இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கு வில்லேஜ் ஆபீசரிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

தேர்வானபின் நடத்தை விசாரணை நடைபெறும். பழைய வழக்கு ஏதேனும் இருந்தால், அது விடுதலையில் முடிந்திருப்பினும், படிவத்தில் உள்ளவாறே எழுதிவிடவேண்டும். இதனைப்பற்றி உச்சநீதிமன்றம் 2016இல் விரிவாகத் தீர்ப்புரைத்துள்ளது. சிறு வழக்கை மன்னிக்க அதிகாரிகளுக்கு இடமுண்டு. மறைத்ததே வேலையைப் பறிக்கக் காரணமாகலாம்.

தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாலும் போலீஸ் நிலையம் மலையாளத்தில் இயங்குவது. மட்டாஞ்சேரியில் வளர்ந்தவருக்குப் பேச்சு வரும். எழுத்து வருமா என்பதே கேள்வி. போலீஸ் மலையாளத்தில் 'மொழி' என்றால் பாஷை அன்று, வாக்குமூலம். 'பிரதி' என்றால் நகல் அன்று, குற்றம் சாட்டப்பட்டவர். 'பிரதியின் மொழி' என்பதைத் தமிழர் ஒருவர் எவ்வாறு புரிந்துகொள்வார் என்று எண்ணினால் சிரிப்பு வரலாம். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்ற விசாரணைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெறவேண்டும். தமிழ்க் கூலியாளின் புகாரை மலையாளத்தில் எழுதித் தமிழில் வாசித்துக் காட்டத் தெரிந்தவர் ஒருவர் நிலையத்தில் இருப்பதன் மதிப்பை, புகார் கொடுக்கப் போனவர் அறிவர். ஆகவே மலையாளம் கையெழுத்துக் கூடி எழுத இன்றே தொடங்கலாம்.

வயதுக் கணக்கு அறிவிப்பு வெளியான ஆண்டின் ஜனவரி முதல் நாளைக் கொண்டது. 2025இல் வெளியான அறிவிப்பானால், பொதுப் பிரிவில் 2-1-1999க்கும் 1-1-2007க்கும் இடையே, அவ்விரு நாட்களும் உட்படப் பிறந்தவர் விண்ணப்பிக்கலாம். அறிவிப்புகள் டிசம்பர் இறுதியில் வெளிவருவதும் உண்டாகையால், வயது எல்லையில் நிற்போர் அம்மாதத்தில் கமிஷனின் பக்கத்தைத் தவறாது பார்த்துவரவேண்டும். இப்பதவியின் தரவரிசைப் பட்டியலுக்கு ஆயுள் ஓராண்டே. பட்டியலில் பெயர் வந்தும் அந்த ஓராண்டுக்குள் அழைப்பு வராமற்போனோர் உண்டு. வயது இடங்கொடுக்குமாயின், பட்டியலில் பெயர் உள்ளபோதே அடுத்த அறிவிப்புக்கும் விண்ணப்பித்து வைக்கலாம்.