ஒரு விரற்கடைக் காற்று

சென்னை சென்ட்ரலில் ஏறி, கும்மிடிப்பூண்டியைத் தாண்டியும் புறநகர் ரயிலிலேயே போய்விடக்கூடிய ஊர் சூளூர்பேட்டை. காளங்கி ஆற்றங்கரையில் இருக்கிறது. மார்கழி விடியற்காலையிலும் இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதற்கே டீக்கடையில் மப்ளர்கள் தென்பட ஆரம்பித்துவிடும். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டால் குளிருக்கான ஏற்பாடு முடிந்தது.

ஆனால் இதே ஊரிலிருந்து பழவேற்காடு ஏரியை ஊடறுத்துப் போகும் சாலையில் 20 கிலோமீட்டருக்குள் ஸ்ரீஹரிகோட்டா வந்துவிடும். அங்கே ராக்கெட்டின் கிரையோஜெனிக் அடுக்கில் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளால் இயங்கும் பகுதி) மைனஸ் 253 டிகிரியில் ஹைட்ரஜனை நிரப்புகிறார்கள். வெளியே கடற்கரை வெயில். உள்ளுக்கும் வெளிக்கும் ஏறத்தாழ 280 டிகிரி வித்தியாசம்! அந்த வெயிலைத் தொட்டிக்குள் நுழையவிடாமல் தடுக்கும் அதே இயற்பியல்தான், கனடாவின் ஸ்கார்பரோவில் நம்மவர்கள் பனிக்காலத்துக்கு முன் ஜன்னல்களைச் சரிசெய்யும்போதும் வேலை செய்கிறது. திசை மட்டும் மாறுகிறது. அங்கே வெப்பம் வெளியேறிவிடக் கூடாது.

எவ்வளவு வெளியேறும்? வீட்டுக்குள் 20 டிகிரி, வெளியே மைனஸ் 20 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி வழியாக 200 வாட்டுக்கு மேல் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். மூன்று மின்விசிறிகளை இரவும் பகலும் ஓடவிடும் செலவு அது, ஒரே ஒரு ஜன்னலுக்கு. இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. அந்த ஜன்னல் தரும் சொற்பத் தடுப்பிலும் கண்ணாடியின் பங்கு சுமார் இரண்டு சதவீதம்தான். மீதி முழுவதும் கண்ணாடியின் இரு பக்கமும் அசையாமல் ஒட்டிக்கிடக்கும் மெல்லிய காற்றுப் படலத்தின் உபயம்.

ஆகவே முதல் வேலை, காற்றை அசையவிடாமல் செய்வது. சூடான காற்று மேலெழுந்து மாடி இடுக்குகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கீழ்த்தள ஜன்னல் ஓரங்கள் வழியே குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும். எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், நேராக எழும் புகை ஓரிடத்தில் சட்டென்று வளைந்து ஆடும். ஓட்டை அங்கேதான். அசையாத சட்டமானால் அந்த விரிசலில் பசையை நிரப்ப வேண்டும். திறந்து மூடும் இடமானால் நுரைப்பட்டை ஒட்ட வேண்டும்.

அடுத்தது பிளாஸ்டிக் தாள். சட்டத்தைச் சுற்றி இருபக்கமும் ஒட்டும் டேப்பைப் பதித்து, அதன்மேல் தாளை ஒட்டினால் முதலில் சுருக்கம் சுருக்கமாகத் தொங்கும். தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டியதும் சுருக்கமெல்லாம் மறைந்து, தாள் விறைப்பாக இழுபட்டுக் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தொழிற்சாலையில் இந்தத் தாளை இழுத்து நீட்டி, அந்த நிலையிலேயே குளிரவைத்திருக்கிறார்கள். நீண்டு கிடக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் சூடு பட்டதும் விடுபட்டுப் பழையபடி சுருண்டுகொள்கின்றன. தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இப்போது காற்று சிறைப்பட்டுவிட்டது. அசையாத காற்று, கண்ணாடியைவிடச் சுமார் 40 மடங்கு மந்தமாக வெப்பத்தைக் கடத்தும்.

புதிய வீடுகளில் இந்தச் சிறை ஜன்னலோடேயே வருகிறது. இரண்டு கண்ணாடிகள், நடுவே 12 முதல் 16 மில்லிமீட்டர் இடைவெளி. இடைவெளியை இன்னும் கூட்டினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. இடம் கிடைத்ததும் காற்று சுழல ஆரம்பித்துவிடும்: சூடான கண்ணாடிப் பக்கம் மேலே ஏறி, குளிர்ந்த கண்ணாடிப் பக்கம் கீழே இறங்கி, வெப்பத்தைத் தானே சுமந்துபோய்க் கொடுத்துவிடும். ஒரு விரற்கடைக்குள் அடைத்து வைத்தால்தான் அடங்கி நிற்கிறது.

நல்ல ஜன்னல்களில் அந்த இடத்தில் காற்றுகூட இல்லை, ஆர்கான் இருக்கிறது. காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக வெப்பம் கடத்தும் வாயு. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அது ஏறக்குறைய ஒரு சதவீதம் உண்டு. பிரித்தெடுப்பதுதான் கடினம். காற்றைத் திரவமாகும்வரை குளிர்வித்து, பிறகு மெல்லக் கொதிக்கவிட வேண்டும். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும், ஆர்கான் மைனஸ் 186-லும், ஆக்சிஜன் மைனஸ் 183-லும் கொதிக்கும். அந்த மூன்று டிகிரி வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்கானையும் ஆக்சிஜனையும் தனித்தனியாக்குகிறார்கள். ராக்கெட்டுக்குத் திரவ ஆக்சிஜன் கிடைப்பதும் இதே முறையில்தான். ஜன்னல் வாயுவும் ராக்கெட் திரவமும் ஒரே கோபுரத்தில் பிரியும் உடன்பிறப்புகள்.

இத்தனைக்குப் பிறகும் வெப்பம் தப்பிக்க ஒரு வழி வைத்திருக்கிறது, கதிர்வீச்சு. அறையில் இருக்கும் சுவர், சோபா, மனிதர் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசிக்கொண்டிருக்கின்றன. கண்ணாடி அதை உறிஞ்சி வெளிப்பக்கமும் வீசும். இதைத் தடுக்க, இடைவெளியைப் பார்த்திருக்கும் கண்ணாடிப் பரப்பில் வெள்ளி பூசுகிறார்கள். கனம் சுமார் பத்து நானோமீட்டர்: ஒரு மில்லிமீட்டரை லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய வெள்ளி வழியே வெளிச்சம் தடையில்லாமல் வரும். அகச்சிவப்பு மட்டும் வந்த வழியே திரும்பும். இதற்குக் குறை உமிழ் பூச்சு (வெப்பத்தை மிகக் குறைவாக வீசும் பூச்சு) என்று பெயர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் செயற்கைக்கோள்கள் தங்கத் தகடு போர்த்தியது போல மின்னுவதும் இதே காரணத்தால்தான். அது தங்கமல்ல, அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் தாள்களின் பல அடுக்குப் போர்வை.

பூச்சும் ஆர்கானும் சேர்ந்தால், 200 வாட்டைத் தாண்டிய கணக்கு 50 வாட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பலனைக் கையால் தொட்டே பார்க்கலாம். மைனஸ் 20 டிகிரி இரவில் ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் உறைநிலைக்குக் கீழே போய்விடும். சமையலறை ஆவி அதில் படிந்து பனிக்கட்டியாகும், சட்டத்தில் பூஞ்சை பிடிக்கும். இந்தப் புதுக் கண்ணாடியோ 14 டிகிரியை ஒட்டி நிற்கும்; கை வைத்தால் சில்லிடாது.

ராக்கெட் ஏவுதளத்தில் இந்த வியர்வைப் பிரச்சினையே வேறு தரத்தில் இருக்கிறது. திரவ ஹைட்ரஜன் ஓடும் குழாயை வெறுமனே விட்டால், அதன்மேல் நீராவி மட்டுமல்ல, காற்றே திரவமாகிச் சொட்டும். சொட்டுவதில் ஆக்சிஜன் அதிகம் என்பதால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. அதனால் குழாய்க்குள் குழாய் வைத்து, நடுவிலிருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். கடத்துவதற்கும் சுழல்வதற்கும் அங்கே எதுவுமே இல்லை. 1892-இல் ஜேம்ஸ் டிவார் செய்த வெற்றிடக் குடுவையின் உத்தி இது. நம் வீட்டு ஃபிளாஸ்க்கும் அதுவே.

அதையே ஜன்னலுக்குக் கொண்டுவர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. குடுவை உருண்டை, அழுத்தத்தைத் தாங்கும். கண்ணாடிப் பலகை தட்டை. நடுவே வெற்றிடம் என்றால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் வெளிக்காற்று பத்து டன் எடையோடு அமுக்கும். 1989-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் அதைச் சாதித்தார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளி, அதைத் தாங்கக் குண்டூசி முனை போன்ற தூண்கள் வரிசையாக. தள்ளி நின்றால் அவை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தூண் வழியாகவும் கொஞ்சம் வெப்பம் கசியும். தூணைக் குறைத்தால் கண்ணாடி நொறுங்கும், கூட்டினால் வெப்பம் போகும். இவ்வகை ஜன்னலை வடிவமைப்பவர்களின் கணக்கெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.