பணி ஆணையில் இல்லாத உழைப்பு

'விதிப்படி வேலை' போராட்டத்தில் யாரும் பணியை நிறுத்துவதில்லை. விதியில் உள்ளதை மட்டுமே செய்கிறார்கள். அதற்கே கோப்புகள் தேங்கிவிடுகின்றன. பணி ஆணையில் எழுதப்படாத உழைப்பே அலுவலகங்களை நடத்துகிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

புதியவருக்கு வேலை கற்றுத்தருவதும், நேரம் முடிந்தபின் வந்த முதியவரின் மனுவை வாங்கிக்கொள்வதும் இத்தகையவையே. ஊதிய உயர்வு மட்டும் இதை வரவழைத்துவிடாது. 1980-களில் இதை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டென்னிஸ் ஆர்கன், தாம் நியாயமாக நடத்தப்படுவதாக ஊழியர் உணர்வதையே முக்கியக் காரணமாக வலியுறுத்தினார். விடுப்பிலும் பதவி உயர்விலும் மேலதிகாரி பாரபட்சம் காட்டினால், ஊழியர் முதலில் நிறுத்திக்கொள்வது இந்த உழைப்பைத்தான். அதற்கு விளக்கம் கேட்டு யாரும் குறிப்பாணை அனுப்ப முடியாது.

சில நிர்வாகங்களோ, மனமுவந்து செய்ததையே மறுமாதம் கட்டாயமாக்குகின்றன. பிறகு அதற்கும் ஊதியம் கேட்பதில் தவறென்ன?