வண்டி வந்த பிறகு ஏறும் வாடகை

ஓடாமல் நிற்கும் காரைக் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக்கு லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசியில் 250 வெள்ளி என்று பேசியவர், காரை ஏற்றிச் சங்கிலி பூட்டியபின் மெதுவாகச் சொல்கிறார்: "அக்கா, டீசல் ஏறிப்போச்சு. 400 கொடுங்க." கார் மேலே இருக்கிறது, நாம் கீழே நிற்கிறோம். என்ன செய்ய முடியும்?

முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியாக ஒரே நாளில் உயர்ந்தது. கூடியது 1.20 வெள்ளி. போக வர 100 கிலோமீட்டர், லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் 20 லிட்டர் ஆகிறது. அன்று கூடிய செலவு 24 வெள்ளி! மீதி 126 வெள்ளி எதற்கு? அரசின் சலுகை அட்டை பெற்ற பலவகைச் சரக்கு லாரிகள் அப்போதும் பழைய 2.15க்கே டீசல் போட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

"வரி வந்துவிட்டது" என்பார் இன்னொருவர். சரக்குப் போக்குவரத்துக்கு 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி வந்தது உண்மைதான். ஆனால் பதிவு செய்துகொண்டவர்தான் அதை வாங்கலாம். பில்லில் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். டோல் என்றால் எந்த டோல் என்று கேளுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல்கள் 2018 ஜனவரி 1 முதலே இல்லை.

டிரைவர் பக்கமும் நியாயம் உண்டு. சக்கரம் உருளாது, சாவி இல்லை, மண் சாலையில் லாரி திரும்ப இடமில்லை என்பதையெல்லாம் நாம் முன்பே சொல்லாவிட்டால், அவர் அரைநாள் மல்லுக்கட்டுவார். அதற்குக் கூலி கேட்பது தப்பில்லை. ஆகவே எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டு, "டோல், காத்திருப்பு, இறக்குகூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும்.

எழுத்தில் இருந்தும் பிடிவாதம் பிடிக்கிறாரா? நடுரோட்டில் சண்டை வேண்டாம். காரை இறக்கிக்கொண்டு, பணத்தை வங்கி வழியாகக் கட்டுங்கள். ரசீதில் லாரி எண்ணும் வாங்கிய தொகையும் இருக்கட்டும். பிறகு பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது இது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விலையே பேசாமல் ஏற்றியிருந்தாலும், நியாயமான விலைக்கு மேல் கொடுக்கக் கடமையில்லை என்று அதே சட்டம் சொல்கிறது.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. காருக்கு முழுக் காப்புறுதி எடுத்திருந்தால், இழுவை வண்டிச் செலவும் அதில் அடங்கியிருக்கக்கூடும். எத்தனை கிலோமீட்டர் வரை என்று பத்திரத்தைப் பாருங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் 1800-88-0000 எண்ணுக்கு அழையுங்கள். அருகிலுள்ள டோல் சாவடி அல்லது ஓய்விடம் வரை அவர்கள் வண்டி இலவசமாக இழுத்துப் போகும். அழைக்காமலே வந்து நிற்கும் லாரிக்காரரிடம் மட்டும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.