பொந்து விழ நூறாண்டு

புதுக்கோட்டைப் பக்கம் செம்மண் நிலங்களில் வரிசையாக நிற்கும் தைல மரங்களைப் பார்த்திருப்போம். காகிதக் கூழுக்காகச் சில ஆண்டுகளிலேயே வெட்டிவிடுவார்கள். தமிழ்நாட்டில் இப்படி வளர்க்கப்படும் இனங்களுள் ஒன்று யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ். தாய்மண்ணான ஆஸ்திரேலியாவில் இதை ‘ரிவர் ரெட் கம்’ என்கிறார்கள். அங்கே இது பல நூறு ஆண்டு வாழும் ஆற்றங்கரை மரம். விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களுக்கு இடையே முர்ரே ஆற்றின் இரு கரைகளிலும் பரந்திருக்கும் பார்மா-மில்லவா காடுதான் உலகிலேயே பெரிய ரிவர் ரெட் கம் காடு.

இந்த மரத்தின் வாழ்க்கை வெள்ளத்தோடு பிணைந்தது. வெள்ளம் வடிந்த ஈரத் தரையில் விதைகள் ஏராளமாக முளைக்கும். கோடை வருமுன் வேர் ஆழம் போன கன்றுகளே பிழைக்கும். வளர்ந்த மரமோ மாதக்கணக்கில் நீருக்குள் நின்றாலும் தாங்கும்.

மரங்கொத்தியே இல்லாத கண்டம் ஆஸ்திரேலியா. அங்கே மரத்தில் பொந்து விழுவதற்குக் கிளை ஒடிய வேண்டும், பூஞ்சை அரிக்க வேண்டும், கரையான் குடைய வேண்டும். நல்ல பொந்து அமைய நூறாண்டுக்கு மேலாகும். பச்சை உடலும் மஞ்சள் முகமும் கொண்ட ‘சூப்பர்ப்’ கிளி, ஆந்தை, வௌவால் எனப் பல உயிர்கள் அந்தப் பொந்துகளை நம்பியிருக்கின்றன. கோலாவுக்கு இதன் இலை உணவு. ஆற்றில் விழுந்த கட்டைக்கும் வேலை இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய நன்னீர் மீனான முர்ரே காட் அதன் குடைவில் முட்டையிடும். ஆண்மீன் காவல் நிற்கும்.

யோர்ட்டா யோர்ட்டா பழங்குடியினர் அடிமரத்திலிருந்து பட்டையை ஒரே தகடாக உரித்துப் படகு செய்தார்கள். மரம் சாகவில்லை, அந்தத் தழும்போடு நிற்கும் மரங்களை இன்றும் காணலாம். பிறகு வந்த ஐரோப்பியர்களுக்கு இதன் சிவந்த, உளுக்காத கட்டை ரயில் தண்டவாளக் கட்டையாகவும் வேலிக்கம்பமாகவும் நீராவிப் படகுகளுக்கு விறகாகவும் பயன்பட்டது. படகு போக வழிசெய்ய ஆற்றில் கிடந்த கட்டைகளையும் அகற்றினார்கள். மீன்கள் வீடிழந்தன. அண்மைக் காலத்தில் அதே ஆற்றில் கட்டைகளைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

1936இல் முர்ரே ஆற்றின் குறுக்கே ஹியூம் அணை கட்டி முடிந்தது. வசந்தகால வெள்ளம் அணையில் தங்கி, கோடையில் பாசனத்துக்குத் திறக்கப்படுவதால் ஆற்றின் பருவமே தலைகீழானது. 1997 முதல் 2009 வரை நீடித்த வறட்சியில் மரங்கள் பெருமளவில் பட்டுப்போயின. இப்போது காட்டுக்கென்றே அணை நீரில் ஒரு பங்கு ஒதுக்குகிறார்கள்.

அந்தப் பங்கைத் தண்ணீர் வீணாவதாகக் கருதக் கூடாது. வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நடலாம். அதில் கிளி குடியேற நூறாண்டு காத்திருக்க வேண்டும். முதிய மரத்தை வெட்டாமல் விடுவதும், அதன் காலடிக்கு வெள்ளத்தைப் போகவிடுவதுமே உண்மையான மரம் வளர்ப்பு.